எரிந்த நூலகமும் எழ வேண்டிய நூலகமும்

(திண்டுக்கல் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1933ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் சக்கடத்தாராக, அதாவது செயலாளராக, இருந்த க.மு. செல்லப்பா, தம் வீட்டுப் புத்தகங்களை வேண்டியவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்குப் பொதுவாக ஒரு வாசிகசாலை வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோளுக்குப் படித்தவர்களும் வணிகர்களும் கைகொடுத்தார்கள். 1934 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆஸ்பத்திரி வீதியில், வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடு அந்த நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதை நகர சபை ஏற்றுக்கொண்டது. தெற்காசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்றாகப் பிற்காலத்தில் பேசப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பு இவ்வளவுதான்.

திண்டுக்கல்லில் ஒரு புதிய நூலகமும் சமுதாயக் கூடமும் எப்படி அமைய வேண்டும் என்று பேச வந்த இடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அடிபட்ட ஓர் ஊர் தன் நூலகத்தை மறுபடியும் எழுப்புவது என்றால் என்ன என்பதை, தமிழ் பேசும் ஊர்களில் மிக அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஊர் அது. அங்கே நல்லபடியாக நடந்ததும் உண்டு, கசந்துபோனதும் உண்டு. இரண்டும் திண்டுக்கல்லுக்குப் பாடம்.

வாடகை அறையில் இருந்த நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சு 1950களின் தொடக்கத்தில் வலுத்தது. மேயர் சாம் சபாபதியும் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளாரும் முன்னின்றார்கள். அயர்லாந்திலிருந்து வந்த பாதிரியாரான லோங், தாம் கற்பித்த ஊருக்காக உதவி கேட்டார். களியாட்ட விழா நடத்தி நிதி திரட்டினார்கள். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். நூலகம் இயங்க வேண்டிய முறைக்கு ஆலோசகராக வந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1954 மார்ச் 29இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959 அக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார். சிறுவர் பகுதி 1967இலும் கேட்போர் கூடம் 1971இலும் சேர்ந்தன.

இந்தத் தேதிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வாசகர், பிறகு புத்தகம், பிறகு நிர்வாகம், அதன் பிறகே கட்டடம். செல்லப்பாவின் வீட்டுத் திண்ணைக்கும் குவிமாடம் வைத்த மாளிகைக்கும் இடையே 26 ஆண்டுகள். அதற்குள் அந்த ஊருக்குத் தன் நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. சிறுவர்களுக்குத் தனியிடமும், பேச்சுக்கும் கூட்டத்துக்கும் அரங்கமும் பின்னால் வந்தன.

1981 மே 31இல் தொடங்கிய வன்முறையில் அது எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து பெருந்தொகையாகப் பொலிசார் கொண்டுவரப்பட்டிருந்த நாட்கள். பொலிசாரும் அவர்களோடு சேர்ந்த துணைக் கும்பலும் கடைகளுக்கும், ‘ஈழநாடு’ நாளிதழ் அலுவலகத்துக்கும், கடைசியில் நூலகத்துக்கும் தீ வைத்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகள், பழைய இதழ்கள், ஐசக் தம்பையா, ஆனந்த குமாரசாமி போன்றோரின் தனித் தொகுப்புகள் எல்லாம் அதில் அடக்கம். பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் துறந்தார்.

அச்சான நூலை மறுபடியும் வாங்கலாம். ஒரே ஒரு படி மட்டும் இருந்த சுவடியையும், குடும்பம் குடும்பமாகச் சேர்த்துவைத்த கடிதங்களையும் எங்கே வாங்குவது? நூலகம் கட்டும் எந்த ஊரும் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டு வகையைத்தான்.

எரிந்த சுவர்களை என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. புகை படிந்த பகுதியை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டுப் பின்புறம் புதிதாகக் கட்டலாம் என்றார்கள் சிலர். பழைய மாளிகை பழைய வடிவிலேயே எழ வேண்டும் என்றார்கள் வேறு சிலர். கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா மீள்கட்டுமானத்தில் ஈடுபட்டார். பின்னாளில் அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். 1984 ஜூனில் ஒரு பகுதி திறக்கப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் இருந்ததால் உள்நாட்டுப் போர் அதை விடவில்லை. மறுபடியும் குண்டுபட்டுக் கூரையிழந்து நின்றது.

1998இல் சந்திரிகா குமாரதுங்க தலைமையிலான இலங்கை அரசு அதைப் புதுப்பிக்கத் தொடங்கியது. நாட்டு மக்கள் ஆளுக்கொரு செங்கல்லும் புத்தகமும் தரட்டும் என்று தெற்கில் இயக்கம் நடந்தது. நல்லெண்ணத்தோடு தந்தவர்கள் ஏராளம். 2001க்குள் வெள்ளைச் சுவரும் குவிமாடமுமாகப் பழைய தோற்றம் திரும்பிவிட்டது. ஆனால் எரிந்த வடு இனி யார் கண்ணிலும் படாது என்ற வேதனை யாழ்ப்பாணத்தில் பலருக்கு இருந்தது. 2003 பிப்ரவரி 14இல் நடக்கவிருந்த திறப்பு விழாவைத் தள்ளிப்போடச் சொல்லி அழுத்தம் வந்தது. அதைக் கண்டித்து மேயர் செல்லன் கந்தையன் தலைமையில் மாநகர சபை உறுப்பினர்கள் 21 பேரும் பதவி விலகினார்கள். தலித்தான கந்தையன் கையால் நூலகம் திறக்கப்படுவதைப் பொறுக்காத சாதி மனமும் இதன் பின்னால் இருந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்து, இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. கட்டி முடித்த கட்டடம் பூட்டியே கிடந்து, 2004இல்தான் வாசகர்களுக்குக் கதவு திறந்தது.

1950களில் ஊரே கூடிக் கட்டியபோது வராத சண்டை, பிறர் கட்டித் தந்தபோது வந்தது. பணமோ பொறியியலோ அங்கே தடையாக இல்லை. யாரைக் கேட்டுக் கட்டினார்கள், எதை மறைத்தார்கள், யார் கையால் திறப்பது என்பவைதான் தடையாயின.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக நூலகத்தை 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை எரித்தது. அமெரிக்கர்கள் திரட்டித் தந்த நிதியில் 1928இல் புதுக் கட்டடம் எழுந்தபோது, எரித்தவர்கள் யார் என்பதை முகப்புக் கைப்பிடிச் சுவரில் பொறிப்பதா வேண்டாமா என்று பெரும் தகராறு வந்தது. 1940இல் அந்தப் புதுக் கட்டடமும் எரிந்தது. சரயேவோ நகரில் 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்த தேசிய நூலகக் கட்டடம் 2014இல் அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அது பெரும்பாலும் நகர மன்றமாகவே பயன்படுகிறது. கட்டடம் திரும்பியது, நூலகம் முழுதாகத் திரும்பவில்லை.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் இதை வேறு விதமாகச் செய்தது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அங்கே 185 பேர் இறந்தார்கள். நகரின் நடுப்பகுதியே இடிந்துபோனது. புதிய மைய நூலகத்துக்கு வரைபடம் போடுவதற்கு முன் நகராட்சி மக்களிடம் யோசனை கேட்டது. அந்த மண்ணின் மூத்தகுடிகளான மாவோரி மக்களும் வடிவமைப்பில் பங்கேற்றார்கள். ‘துராங்கா’ என்ற பெயரில் 2018 அக்டோபர் 12இல் திறக்கப்பட்ட அந்த ஐந்து மாடி நூலகத்தில் புத்தகத்தோடு தையல் இயந்திரம் இருக்கிறது, ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது, பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது. நிலம் ஆடினால் சுவர்கள் அசைந்து கொடுத்துப் பழைய நிலைக்கே திரும்பும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் பயந்தது எதற்கு என்பதைப் பொறியாளர்கள் மறக்கவில்லை.

யாழ்ப்பாண நூலகத்தின் அருகில், புல்லுக்குளத்தின் கரையில், இந்திய அரசின் கொடையாகப் பண்பாட்டு மையம் ஒன்று இப்போது எழுந்து நிற்கிறது. 2015 மார்ச்சில் அடிக்கல், 2023 பிப்ரவரியில் மக்களிடம் ஒப்படைப்பு. அருங்காட்சியகம், சுமார் 600 பேர் அமரும் அரங்கம், கற்கைக் கோபுரம் எல்லாம் உண்டு. கட்டட வேலை முடிந்த பிறகும் திறப்பு இழுத்துக்கொண்டே போனதற்கு ஒரு காரணம், அவ்வளவு பெரிய கட்டடத்தின் மின்சாரம், துப்புரவு, ஆள் சம்பளம் ஆகியவற்றை மாநகர சபை எப்படித் தாங்கும் என்ற கேள்வி. அதே யாழ்ப்பாணத்தில் கிராமந்தோறும் சனசமூக நிலையங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. ஓரிரு அறை, நாளிதழ் மேசை, வாங்கு, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம், முன்னால் விளையாட்டுத் திடல். ஊர் இளைஞர்களே நிர்வாகம். பெரிய மாளிகையின் பராமரிப்பை எண்ணித் தயங்கிய அதே நகரத்தைச் சுற்றி, சிறிய நிலையங்கள் ஊர்க்காரர் உழைப்பில் நடந்துகொண்டிருக்கின்றன.

இனி திண்டுக்கல்.

2011 கணக்கெடுப்பில் 2 லட்சத்து 7 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரம் இது. 2014இல் மாநகராட்சி ஆனது. இங்கே யாரும் நூலகத்தை எரிக்கவில்லை. ஆனாலும் அடிபட்டு எழுந்துகொண்டிருக்கும் ஊர்தான். நாகல் நகரிலும் குடைப்பாறைப்பட்டியிலும் நல்லாம்பட்டியிலும் கையால் செய்த பூட்டு ஒரு காலத்தில் நாடெங்கும் போயிற்று. அலிகரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கியதும் பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதைச் செய்யத் தெரிந்த கைகள் பெரும்பாலும் முதியவர்களுடையவை. தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரையும் கெடுத்தது. தோல் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் கடும் கட்டுப்பாட்டுக்கு உள்ளான ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் போன தோட்டக்காரருக்கும், தோல் பதனிடும் தொட்டி மூடியதால் வேலை போன தொழிலாளிக்கும் இந்த ஊர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய நூலகம் அந்த இருவரும் ஒரே மேசையில் உட்காரும் இடமாக அமைய வேண்டும்.

அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில், புது நத்தம் சாலையில், 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதன் சிறிய படியைத் திண்டுக்கல்லில் கட்ட ஆசை வருவது இயல்பு. அது தேவையில்லை. ஆராய்ச்சி நூலுக்கு மதுரைக்குப் பேருந்து ஏறலாம். திண்டுக்கல்லுக்கு வேண்டியது, பட்டறை வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வருபவருக்கும் திறந்திருக்கும் ஒரு கூடம்.

தரைத் தளத்தில் நாளிதழ்க் கூடம் இருக்கட்டும், தெருவைப் பார்த்தபடி, படியேறாமல் சக்கர நாற்காலியும் நுழையும்படி. புத்தக அடுக்குகளும் தரைத் தளத்திலேயே இருப்பது நல்லது. இதற்குப் பொறியியல் காரணம் உண்டு. இந்தியத் தர விதிப்படி குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்பட்டால் போதும். நூல் அடுக்கு அறைக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். வேறு எதற்கோ கட்டிய மாடியில் அலமாரிகளை ஏற்றிவிட்டுத் தளம் விரிசல் விடுகிறதே என்று வருந்தக் கூடாது. மாடியில் கூட்ட அரங்கம் இருக்கலாம், வெளியே தனிப் படிக்கட்டோடு. நூலகம் மூடிய பிறகும் அங்கே கூட்டம் நடக்க முடியும்.

சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே வறண்ட சமவெளியில் இருக்கும் ஊர் இது. மேற்கு வெயில் நேராக விழுந்தால் வாசகர் எழுந்து போய்விடுவார், நூலின் முதுகு வெளுத்துவிடும். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் திறக்கட்டும். மேற்கில் கழிப்பறையும் படிக்கட்டும் சுவராக நின்று வெயிலைத் தடுக்கட்டும். நான்கு பக்கமும் தாழ்வாரம் இருந்தால் குளிர்சாதனத்தின் தேவை குறையும். கூரை நீர் தொட்டியில் சேர வேண்டும். குடிநீருக்குத் தவித்த ஊரில் நூலக வாசலில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று இருப்பது பெரிய மரியாதை. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இல்லாத நூலகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தப் பெண்ணும் வர மாட்டார்.

இன்று தமிழ்நாட்டின் எந்த மைய நூலகத்துக்குப் போனாலும் அதிக இடத்தைப் பிடித்திருப்பவர்கள் போட்டித் தேர்வு மாணவர்கள். சொந்தப் புத்தகத்தோடு காலையிலேயே வந்து இடம் பிடிப்பார்கள். மரத்தடியிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து படிப்பார்கள். வீட்டில் அவர்களுக்கு மேசை இல்லை, அமைதி இல்லை. அவர்களுக்கென மின்விசிறியும் விளக்கும் மின்செருகியும் உள்ள தனி அறையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிட்டால், நாவல் படிக்க வரும் பெரியவருக்கும் கதை கேட்க வரும் குழந்தைக்கும் இடம் மிஞ்சும். குழந்தைகள் பகுதி அதிலிருந்து விலகியே இருக்க வேண்டும். அங்கே சத்தம் இருக்கத்தான் செய்யும்.

சத்தமாகப் படிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர் சுருட்டு சுற்றும்போது ஒருவர் மேடையில் அமர்ந்து நாளிதழும் நாவலும் வாசித்துக் காட்டுவார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், ஸ்பென்சர் சுருட்டுத் தொழிற்சாலையின் பெயர் இன்னும் ஒரு நிறுத்தத்தின் பெயராக நிற்கும் ஊரில், எழுத்து வாசிக்கத் தடுமாறும் மூத்தவர்களுக்கு மாலைதோறும் ஒருவர் வாசித்துக் காட்டும் கூடம் அமைவது பொருத்தம். பார்வையற்றோருக்கும் அது பயன்படும்.

மிக முக்கியமான அறை இனிமேல்தான். யாழ்ப்பாணத்தில் மீட்க முடியாமல் போனவை உள்ளூர் ஆவணங்கள். அந்த இழப்பின் வலியிலிருந்துதான் 2005இல் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று அதில் ஈழத்து நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. திண்டுக்கல்லின் உள்ளூர் ஆவண அறையில் பட்டறைக் கணக்கேடுகள், தோல் தொட்டித் தொழிலாளர் சங்கத் துண்டறிக்கைகள், நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்களின் கையெழுத்துப் படிகள், சின்னாளபட்டிச் சுங்குடியின் மாதிரித் துண்டுகள், நீர் ஆய்வு அறிக்கைகள் எல்லாம் சேர வேண்டும். ஒரு மேசையில் மாங்காய்ப் பூட்டு முதலான எல்லா வகைப் பூட்டும் பிரித்து வைக்கப்பட்டிருக்க, மூத்த ஆசாரி ஒருவர் வாரம் ஒருநாள் அதன் நெம்புகளை விளக்கட்டும். ஊதியத்தோடுதான்.

தோல் தொழிலின் கெடுதலை மூடி மறைக்கவும் வேண்டாம். எந்த ஆண்டு எந்தக் கிணற்றில் நீர் எப்படி இருந்தது என்ற பதிவு அந்த ஆவண அறையின் சுவரில் இடம்பெறட்டும். யாழ்ப்பாணத்தில் வடுவை வெள்ளையடித்ததும் சண்டையை வளர்த்தது.

நடத்துவதற்குப் பணம்? அதற்கு வழி 1948இலேயே போடப்பட்டிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் நடத்தத் தொடங்கியபோது உடன் நின்றவரும் அவரே. அவர் போராடிக் கொண்டுவந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்திய மாநிலங்களில் முதலாவது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று ரூபாய்க்கு 10 காசு. திண்டுக்கல்லில் வீடோ கடையோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே நூலகத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரியை மாநகராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு நிலுவையின்றிச் செலுத்துகிறதா என்று கேட்கும் உரிமை வரி கட்டுபவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. வாசகர் வட்டத்தின் முதல் வேலையே அந்தக் கேள்வியைக் கேட்பதாக இருக்கலாம்.

ஊரோடு சேர்ந்து நிறுவனம் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம், மருத்துவமும் கைத்தொழிலும் கல்வியுமாக வளர்ந்து 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. உள்ளூர் ஆவணங்களைத் திரட்டவும் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்யவும் அங்கே பயிலும் மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடத்திக் காட்டும் திண்டுக்கல் இலக்கியக் களம் போன்ற அமைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. பேகம்பூர், நாகல் நகர், குடைப்பாறைப்பட்டி உட்பட வார்டுதோறும் ஒரு மாலைக் கூட்டம் நடக்கட்டும். பெண்களுக்குத் தனியாகவும் ஒரு கூட்டம் வேண்டும். அங்கே சொல்லப்பட்டவை வரைபடத்தோடு இணைத்து வெளியிடப்படட்டும். கட்டுமானச் செலவை ஒப்புக்கொள்ளும் தீர்மானத்திலேயே முதல் பத்து ஆண்டு நூலகர், காவலர், துப்புரவாளர் பணியிடங்களும் மின்கட்டணமும் எழுதப்படட்டும். கட்டடம் எழும்வரை காத்திராமல் உள்ளூர் ஆவணங்களைச் சேர்க்கும் வேலை இந்த மாதமே, இப்போதுள்ள மாவட்ட மைய நூலகத்தின் ஒரு அலமாரியில், தொடங்கலாம். பட்டறைகள் மூடப்படும்போது கணக்கேடுகள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகின்றன. வீட்டில் அப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். எடைக்குப் போடுவதற்கு முன் அதை நூலகரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்பதே அவர்களிடம் வைக்கும் வேண்டுகோள்.